பாறை

தடைக்காலம் ஐம்பத்தி நாலாம் நாள்.
விசைப்படகெல்லாம் நங்கூரத்தில் தலையாட்டி நிற்க
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனிப் பின்சுவரில்
எங்களுக்கு வேறு வேலையில்லை.
ஆகவே மறுபடியும் அதே பேச்சு.

"கஸ்பார் பாடாத பாறை
பாறையே கிடையாது."
இது ஆம்ஸ்ட்ராங்கு.
பதினேழு வருசமாக இதைச் சொல்கிறான்,
புதிதாய்க் கண்டுபிடித்த குரலில்.

ராக் என்றால் பாறை என்று
அகராதி பார்த்து வைத்த பெயர்.
எங்களுக்குப் பாறை என்றால் மீன்.
ராமநாதபுரத்து அச்சகக்காரனுக்கும் அப்படித்தான்:
முதல் போஸ்டரில்
நாலு பேருக்கு நடுவே ஒரு மஞ்சள்வால் மீன்,
நால்வரையும்விடத் தெளிவாக.

சாலைப் பாலம் திறந்த வருசம் தொடங்கினார்கள்.
தலைமன்னார்க் கப்பல் நிற்பதற்கு முன்
யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஒரு கித்தார்,
மூன்று தந்தி, ஒரு தூண்டில் நரம்பு.
அன்றைக்கு இருந்தவர்களில் இன்றைக்கு மிச்சம்
டிரம்ஸ் சேகு நெய்னா மட்டும்.
அவருக்கும் இடது காது போய்விட்டது.

பேஸ் வாசித்த எமரிட்டை
எல்லை தாண்டினான் என்று பிடித்துப்போனார்கள்.
யாழ்ப்பாணச் சிறையில் ஐந்து மாதம்.
தம்பி வாசித்தான்.
விடுதலையாகி வந்தவன்
முதல் கச்சேரியைக் கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு
"அவனே வாசிக்கட்டும்" என்று வலைக்குப் போனான்.
அதைப் பற்றி நாங்கள் சண்டை போடுவதில்லை.

சண்டை பாடகருக்குத்தான்.
கஸ்பாருக்குப் பின் தூத்துக்குடிக்காரன் ஒருவன் வந்தான்,
கண்ணாடி போட்டுக்கொண்டு இரவில் பாடினான்.
அவனைப் பற்றி இருதரப்பும் ஒன்று.
இப்போது நிஷாந்தி,
மண்டபம் முகாம்.
கையெழுத்து நாளில் ஒத்திகைக்கு வரமாட்டாள்.

"எங்கப்பா வல்லத்துல பலகை மாத்தினோம்,
ஏராவையும் மாத்தியாச்சு, இது மூணாவது எஞ்சின்.
நம்பர் அதேதானே?"
ஜெரோன் கேட்டதும்
ஆம்ஸ்ட்ராங்கு எச்சில் துப்பினான்:
"மானிய டீசலுக்கு நம்பர் போதும்டா.
பாட்டுக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வாய்க்கிழமை மைக்செட் வயர் இழுக்கப்போன இடத்தில்
அவள் பாடக் கேட்டேன்.
ஒரு பாட்டு நீளத்துக்கு
கஸ்பாரை மறந்துபோனேன்.
இதை எங்கே போய்ச் சொல்ல?
பிளக்கைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கச்சான் காற்று மணலை வாரி டீயில் போட்டது.
அப்போதுதான் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.
பின்னால் நண்டுப் பெட்டி,
முன்னால் கஸ்பார்.
ஐஸ் வாங்க வந்தவர்.
எவ்வளவு நேரமாய்க் கேட்டாரோ.

"மூணாவது பாட்டை
அந்தப் பிள்ளை ஒரு கட்டை இறக்கிப் பாடுது" என்றார்.
"அதான் சரி.
நான் தெரியாம
இத்தனை வருசம் கத்திக்கிட்டுக் கிடந்தேன்."

யாரும் அசையவில்லை.
பிறகு ஆம்ஸ்ட்ராங்கு எழுந்தான்.
மார்பில் அவர் பெயரைப் பச்சை குத்தியவன்,
மகனுக்கு அவர் பெயரை வைத்தவன்,
கை நடுங்க நடுங்கச் சொன்னான்:
"அண்ணே, நீங்க சும்மா இருங்க.
நீங்க மேடையில நின்னவரு.
கீழ நின்னது நாங்க.
பாறையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

கஸ்பார் பிடரியைச் சொறிந்தார்.
யோசித்தார், நிஜமாகவே.
"அதுவும் சரிதான்" என்றார்.

அரைக்கட்டி ஐஸைச் சாக்கில் சுற்றி
வண்டியை உதைத்துக் கிளப்பி
பாம்பன் பக்கம் போனார்.
தார்ச்சாலையில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு,
விழ விழக் காய்ந்துகொண்டே.

அந்தோணியார் திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள்.
முன்வரிசையில் நிற்கப்போவது ஆம்ஸ்ட்ராங்குதான்,
பிடிக்காத முகத்தோடு,
ஒரு வரி விடாமல்.

கோடு காய்வதற்குள்
நாங்கள் டிரம்ஸுக்கு வந்திருந்தோம்.